கிழங்கின் தலை

ஐப்பசி 14, இரவு

வறட்சி நிவாரணக் கணக்கெடுப்புக்காக இன்று மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புக்குப் போனேன். நிலப் பட்டா இல்லாததால் அங்கே வசிக்கும் செல்லி என்ற பெண்ணின் படிவத்தில் ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதினேன்.

பிறகு அவர் காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டுவதைப் பார்த்தேன். மழையில்லாமல் மண் பாறையாக இறுகியிருந்தது. ஒரு மணி நேரம் கடப்பாரை போட்டும் விரல் தடிமனில்தான் கிடைத்தது. அதிலும் தலைப்பகுதியைக் கொடியோடு நறுக்கி, குழியிலேயே வைத்து மண்ணை மூடினார்.

“இம்புட்டுதான் கிடைச்சிருக்கு. அதையும் எதுக்கும்மா புதைக்கிறீங்க?”

“திரும்ப வளரணும்ல சார். பன்னியும் திங்கணும், நமக்குப் பின்னால வாரவகளும் திங்கணும்.”

கோயிலில்கூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

மிச்சத்தைச் சுட்டு எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். தின்றேன். படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. காலையில் ஒப்படைக்க வேண்டும்.