ஆசீர்வாதம் எழுதிய பக்கம்

வியாசர்பாடி,
20.11.2005

அன்புள்ள யசோதராவுக்கு,

செங்குட்டுவன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அங்கே குளிரில் எப்படி இருக்கிறாய்? இங்கே மழைதான் விடவில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதால் பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போகின்றன. புளியந்தோப்பில் உன் அம்மா வீட்டில் கட்டில் கால்வரை தண்ணீர் வந்து வடிந்துவிட்டது. நான் போய் டிவியைப் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். கவலைப்படாதே.

இதை மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். ஆனால் பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் உட்காருகிறவன் நம் திரையைத்தான் பார்ப்பான். அங்கே வைத்து எழுதுகிற விஷயம் இல்லை இது.

இன்னும் இரண்டு வருடம் நெதர்லாந்தில் இருக்கும்படி பேராசிரியர் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று நீ கேட்டு நாளாகிறது. நான் பதில் போடவில்லை. கண்டெய்னர் யார்டில் வேலை அதிகம் என்று போனில் சொன்னேன். அது காரணமில்லை. ஆசீர்வாதம்தான் காரணம்.

அவர் நல்லவர் என்று எனக்கும் தெரிகிறது. பாளையங்கோட்டையிலிருந்து வந்து, உன் துறையிலேயே உனக்கு அடுத்த மேஜையில் ஆராய்ச்சி செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் மீன் குழம்பு வைக்கிறார். உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார் என்று சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிதில் நான் கற்றுத்தருகிறேன் என்றபோது தெருவே வேடிக்கை பார்க்கும் என்று மறுத்தவள் நீ.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதும் கட்டுரையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எம்.எஸ்சி. வகுப்பில் நீ போட்ட கணக்கை நான் சரிபார்ப்பேன், நான் போட்டதை நீ சரிபார்ப்பாய். நம் கல்யாணமே அப்படி வந்ததுதான். அந்த இடத்தில் இப்போது இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நீ கட்டுரையையும் புரோகிராமையும் சி.டி.யில் அனுப்பி, எங்கள் யார்டு விவரத்தில் போட்டுச் சோதித்துப் பார்க்கச் சொல்லி எழுதினாய். இயந்திரம் பழைய விவரங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், நிஜம் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று சொல்வதுதான் உங்கள் முறை. நூறு தடவை எல்லை போட்டால் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து தடவை நிஜம் அதற்குள் விழ வேண்டும் என்கிறீர்கள். நான் சோதிக்க உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், உடைக்க உட்கார்ந்தேன்.

தண்டையார்பேட்டை யார்டிலிருந்து போன கண்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலில் எவ்வளவு நேரம் காத்திருந்தன என்கிற விவரம் ஒரு வருடத்துக்கு என்னிடம் இருக்கிறது. அந்த முழு வருடத்தையும் நிஜம் என்று வைத்துக்கொண்டேன். அதிலிருந்து கொஞ்ச நாட்களை மட்டும் பொறுக்கி இயந்திரத்துக்குக் காட்டினேன். மழை நாளில் ஒரு லாரி சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டு எல்லையை வாங்கினேன். இப்படியே நூறு தடவை. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரை ஓடவிடுவேன். கடைசியில் வந்தது எழுபத்தொன்று.

எழுபத்தொன்று, யசோதரா. நான் அடைந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? எல்லை போடுகிற பகுதி அவர் எழுதியது, அது பொய்த்துவிட்டது, அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்த அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாடா, யசோதரா வர்றேன்னு எய்திச்சா? மூஞ்சி இப்படி கீது?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் உனக்கும் அவருக்கும் உங்கள் பேராசிரியருக்கும் சேர்த்தே எழுதத் தொடங்கினேன். முறை தவறு, கட்டுரையை அனுப்பாதீர்கள் என்று. உன் பெயரும் அதில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. ஆசீர்வாதத்தின் வார்த்தைகளையே எடுத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் எழுதிய பக்கத்தைத் திறந்தேன். அதுவரை அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. மேலே அவர் பெயரைப் பார்த்ததுமே தாண்டிப் போயிருந்தேன்.

அதில் தெளிவாக எழுதியிருந்தார். மறுபடி மறுபடி மாதிரி எடுக்கும்போது, சேர்ந்து நின்றவற்றைப் பிரிக்கக்கூடாது என்று. நானோ எல்லை போடும்போது, பொறுக்கிய நாட்களில் இருந்த ஒவ்வொரு லாரியையும் தனித்தனியாகக் கலைத்துப் போட்டிருந்தேன். ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்ற லாரிகள் தனித்தனிச் சாட்சிகள் ஆகுமா? எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றால் பின்னால் இருக்கிற அத்தனையும்தானே நிற்கும்? தினமும் கண்ணால் பார்க்கிறவன் நான். ஒரு நாளை முழு நாளாகவே எடுக்க வேண்டும். பிரித்ததால் எல்லை பொய்யாகக் குறுகிப் போயிருந்தது.

எழுதியதை அழித்துவிட்டு யார்டுக்குப் போய் மறுபடி ஓட்டினேன். தொண்ணூற்று நான்கு வந்தது. வேறு நாட்களைப் பொறுக்கி இன்னொரு நூறு தடவை ஓட்டினேன், தொண்ணூற்றாறு. உங்கள் முறை நிற்கிறது. முடிவுகளை உங்கள் இருவருக்கும் நேற்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். கட்டுரையைத் தைரியமாக அனுப்புங்கள்.

யார்டிலும் இப்போது டிரைவர்களுக்குக் காத்திருக்கும் நேரத்தை ஒற்றை எண்ணாகச் சொல்வதில்லை. தனி லாரிக்கு எல்லை இன்னும் அகலமாகத்தான் வருகிறது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, கம்ப்யூட்டர் எதற்கு என்கிறார். ஆனால் டிரைவர் ராசையா அண்ணன் சொன்னார்: "முன்ன ஆறு மணி நேரம்னு சொன்னே, நம்பிக்கினு போய் பட்டினி கெடந்தேன். இப்போ அஞ்சுலேர்ந்து பதினாலுன்றே. இது பரவால்ல, ரெண்டு வேளைக்கும் கட்டிக்கினு போறேன்." உன் ஆராய்ச்சி எண்ணூர் ரோடுவரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அவர் எழுதிய பக்கம் சரி என்று தெரிந்த பிறகு அது கூடித்தான் இருக்கிறது. தப்பான ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே.

இரண்டு வருடமும் இருந்து முடித்துவிட்டு வா. மனசாரச் சொல்கிறேனா என்று கேட்காதே. சொல்கிறேன், அவ்வளவுதான். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கை தொட்டதெல்லாம் நன்றாக நடக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் அம்மா, பக்கத்து வீடு என்று ரிசீவர் கைமாறி எனக்கு வரும்போது உன் போன் கார்டு தீர்ந்துவிடுகிறது. புதன்கிழமை சாயங்காலம் அம்மா புத்த விகாரைக்குப் போய்விடுவாள், வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். உனக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அன்றைக்கு மட்டும் ஆசீர்வாதத்தை முன்னால் போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிடு.

உன்,
செங்குட்டுவன்