குட்டை ஓரத்து நீலக் கயிறு

அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தது ஐந்து பேர். நான். என் வீட்டுக்காரர். என் கொழுந்தனும் உன் புருசனுமான செல்வராசு. தேங்காய் ஏற்ற வேன் கொண்டுவந்த மாரிமுத்து. பிறகு நீ. ஆறாவதாக ஆள் இருந்ததாக யார் சொன்னாலும் பொய். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் பார்த்தது எதுவும் மறந்ததில்லை.

இன்று காலை குட்டை மோட்டாரை மேலே எடுத்துச் சல்லடையைக் கழற்றினேன். அழுகிய பாசி வாசம் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. புளித் தண்ணீரில் ஊறவைத்து, படிந்த உப்பைத் தேங்காய் நாரால் தேய்த்து, உள்விசிறியில் சுற்றிய வேரைக் கொண்டை ஊசியால் இழுப்பாயே, நானும் அப்படியேதான் செய்கிறேன். "தண்ணிக்குள்ளயே கெடந்தாலும் அதுக்கும் மூச்சு முட்டுமுங்கக்கா" என்பாய், சிரித்துக்கொண்டே.

நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நீ இறங்கும் முன், தண்ணீரில் கரண்ட் பாயாமலிருக்க, நான் மோட்டார் ரூமில் கரண்ட் பெட்டியின் பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வேன். வேலை முடிந்து நீ கரையேறி, "போடுங்கக்கா" என்று குரல் கொடுத்த பிறகுதான் அவை பெட்டிக்குத் திரும்பும். கரையேறாமல் நீ அதை ஒருநாளும் சொன்னதில்லை.

தண்ணீர் மண்ணில் இறங்காமலிருக்கக் குட்டைக்குள் விரித்த கருப்பு பிளாஸ்டிக் ஷீட் பாசி பிடித்து எண்ணெய் தடவியது போலிருக்கும். இறங்கக் கயிறு வேண்டாம், சறுக்கினால் போதும். ஏறத்தான் வேண்டும். அதற்காகத் தென்னையில் நீலக் கயிறு கட்டித் தண்ணீர்வரை விட்டிருந்தாய், முழத்துக்கு ஒரு முடிச்சாக.

அன்று மோட்டாரை இரண்டு கையாலும் அணைத்தபடி, தென்னையைத் திரும்பிப் பார்க்காமல் சறுக்கியிருப்பாய். மிதவை டிரம்மின் அடியில் அதை மாட்டியும் விட்டாய். நான் ரூமில் காத்திருந்தேன். "போடுங்கக்கா" என்று கேட்டது. உன் குரல்தான். மூச்சு வாங்காத குரல். போட்டேன். தொட்டியில் தண்ணீர் தெளிவாக விழுந்தது. நீ வரவில்லை.

போய்ப் பார்த்தேன். டிரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷீட்டில், தண்ணீர் விளிம்பிலிருந்து கை எட்டும் உயரம்வரை, பாசியைக் கீறிய விரல் தடங்கள். ஒரு இடத்தில் அல்ல, குட்டையைச் சுற்றிலும். தென்னையில் கயிறு இல்லை.

நீ எத்தனை முறை கூப்பிட்டிருப்பாய். வேன் இரைச்சலில் அதெல்லாம் கேட்காத காதுக்கு அந்த ஒரு சொல் எப்படிக் கேட்டது? குட்டைப் பக்கம் மாடு கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை என்றார்.

உன்னைக் கிடத்தியிருந்த வாசலில் செல்வராசு உறவுக்காரர்களிடம் சொன்னான்: "கயித்த நாந் தொடவே இல்லீங்க. அவளே அவுத்து எங்கியாச்சும் போட்டிருப்பா." எட்டாம் நாள் மாரிமுத்து அந்தக் கயிற்றோடு வந்தான். தார்ப்பாய் கட்டக் கயிறு பற்றவில்லை என்று கேட்டபோது சின்னவர்தான் அவிழ்த்துக் கொடுத்தார் என்றான், தலை நிமிராமல். கொண்டுபோய்ச் செல்வராசு முன்னால் போட்டேன். முடிச்சுகளைப் பார்த்தான். பிறகு, "வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றான்.

இத்தனை வருசம் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

கயிற்றைப் பழைய இடத்திலேயே கட்டியிருக்கிறேன். யாரையும் இறங்க விடுவதில்லை. டிரம்மையே கரைக்கு இழுத்து மோட்டாரை எடுக்கிறோம். இருந்தும் கட்டை மூன்றும் என் மடியில்தான் இருக்கும். இன்றும் மோட்டாரை மாட்டி விட்டு ரூமுக்குள் நுழைந்தேன். அதே "போடுங்கக்கா" கேட்டது. கரையேறின பிறகுதானே அதைச் சொல்வாய், கண்ணு. நீ கரையேறிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு கட்டைகளைப் போட்டேன்.

மாரிமுத்துவை விட்டுவிட்டேன், அவன் கேட்டது கயிறுதான். அவிழ்த்த கையைக்கூட மறதி என்று விட்டிருப்பேன். உன் தலைமாட்டில் நின்று உன் மேலேயே பழி போட்ட வாயை என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன். அந்தச் செல்வராசுவை.