பூனை படுத்த சக்கரம்

அன்புள்ள அக்காவுக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கைத்தொழில்காரர்களுக்கு வியாபாரம் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் அவரவர் பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் கூடையைத் தூக்கி, "சுமாராத்தான் இருக்கும், வேணும்னா வாங்குங்க" என்றேன். தச்சர் தன் முக்காலியில் இருந்த குறையைத் தேடிப் பிடித்துக் காட்டினார். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சரி, பக்கத்துல இருக்கறவங்க பொருளை வித்துக் குடுங்க" என்றார். அக்கா, ஒருத்தருக்கும் வாய் மூடவில்லை! தையல்காரி பேசிய பேச்சில் என் கூடையை நானே வாங்கியிருப்பேன். இப்போது சந்தையிலும் கடை மாறித்தான் உட்காருகிறோம்.

நேற்று தச்சர் கடையில் இருந்தேன். நீ வனைந்த மண்கூஜாவில் நான் தண்ணீர் குடித்ததைப் பார்த்து ஒரு பெண் விலை கேட்டாள்.

"எங்க அக்கா செஞ்சதும்மா. ஊத்தினா ஒரு சொட்டு சிந்தாது. இந்தக் கை யாருக்கும் வராது."

ஆரம்பித்த நான் நிறுத்தவே இல்லை. கூட்டம் கூடி, ஆர்டர் குவிந்துவிட்டது.

"இதெல்லாம் அக்காகிட்ட சொல்லியிருக்கியாம்மா?" என்றார் பக்கத்துக் கடையில் இருந்த தச்சர். நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

நம் பட்டறையில், நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து சும்மா கிடந்த உன் சக்கரத்தின் மேல் பூனை குட்டி போட்டிருந்தது. தாயையும் குட்டிகளையும் இன்று காலை என் கூடை ஒன்றுக்கு மாற்றிவிட்டேன். நல்ல கூடை அது. சக்கரத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கை