கழட்டாதீங்க அத்தை

ஜூன் 11, புதன்

நீயே சொல்லு சாமி, இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? உனக்கு விளக்கேற்றிய கையோடு பிள்ளையின் அறைக்குப் போய்ப் பார்த்தேன், கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் வெடித்ததாம். ஊருக்கெல்லாம் விசிறி நின்றது, எனக்கு நெஞ்சே நின்றது.

பிள்ளை, அதுதான் என் தம்பி மகன், வேலைக்கு வெளியூர் போன நாளிலிருந்து அது ஒரு தடவைகூட அணைந்ததில்லை. சின்னச் சின்ன கரண்ட் கட்டை எல்லாம் மேஜைக்கு அடியில் இருக்கும் பேட்டரி தாங்கிக்கொள்ளும். இன்று அதுவும் கீ கீ என்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

"அத்தை, இது எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும். பக்கத்துல இருக்கிற ரெண்டு கறுப்புப் பெட்டியிலதான் என் வேலை மொத்தமும் இருக்கு. அங்கிருந்தே நெட் வழியா உள்ளே வந்து எடுத்துக்குவேன். கழட்டிடாதீங்க." இதுதான் அவன் சொல்லிவிட்டுப் போனது. படம் வெட்டி ஒட்டுகிற வேலை அவனுக்கு. யார் யாரோ சிரிப்பதும் அழுவதும் அந்த இரண்டு பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்று செங்கல் மாதிரி, இன்னொன்று சோப்பு டப்பா மாதிரி. அவற்றைத் துடைக்கும்போது வயர் அசையாமல் துடைப்பேன். பச்சைப் பிள்ளை உச்சிக்குழியைத் தொடுவது போல.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் பொத்தானை அமுக்கினேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, உயிர் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எங்கே வந்தது? திரை முழுக்கக் கறுப்பு. மேலே ஒரே ஒரு வரி இங்கிலீஷ். அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. அணைத்துப் போட்டேன். அதே கோடு, அதே சிமிட்டல்.

தம்பி சாவிக்கடையை மூடிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். சொன்னேன். "செத்துட்டா தூக்கிப் போடு" என்றான். ஊரில் எல்லார் வீட்டுப் பூட்டையும் திறக்கிறவன், தன் வாயை மட்டும் திறக்கமாட்டான். திறந்தால் வருவது இப்படித்தான்.

ஜூன் 12, வியாழன்

இன்றும் அந்தக் கோடுதான்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று தம்பிக்குத் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் பிள்ளை கூப்பிடுவான். அந்தக் கம்ப்யூட்டரே தானாக எடுத்துக்கொள்ளும், நான் முகத்தைக் காட்டி உட்கார்ந்தால் போதும். என்னிடம் போன் கிடையாது. அவனுடைய புது நம்பரும் அதற்குள்ளேதான் இருக்கிறது. அப்பாவின் போனுக்கு அவன் கூப்பிடமாட்டான். இவனும் கூப்பிடமாட்டான். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே மூக்கு, ஒரே முறுக்கு.

கடையில் உட்காரமாட்டேன் என்று பிள்ளை சொன்ன அன்று தம்பி கையை நீட்டினான். "அப்போ வாசல் சாவியை வெச்சிட்டுப் போ." பிள்ளையும் மறுபேச்சு இல்லாமல் வைத்துவிட்டான். அவன் அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். குறுக்கே விழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்துப் பேச்சு வரவில்லை.

போன ஞாயிறு சொன்னான், அங்கேயே நிரந்தரமாக வேலை தருகிறார்களாம். கையெழுத்துப் போட்டால் இனி அங்கேதான். "போடவா வேணாமா, ஒரு வாரம் யோசிச்சு சொல்லுங்க அத்தை. நீங்க சொல்றதைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

யோசித்துவிட்டேன்டா ராஜா. வா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் வழி இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூட்டி வந்தேன். தொப்பை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். பார்த்தவுடன் சிரித்தார்.

"ஒண்ணும் ஆகலம்மா. இந்த ரெண்டு பெட்டியையும் கழட்டிட்டு ஆன் பண்ணினா எழுந்துடும்."

"கழட்டக்கூடாது."

"ஏன்?"

"கழட்டாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அம்மா, இது எழுந்திருக்கும்போது எங்கேயிருந்து எழுந்திருக்கணும்னு தேடும். பெட்டி சொருகி இருக்கிறதால அதுக்குள்ள போய்த் தேடுது. ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருக்கு. நம்ம வீட்டுக்கு வரவே தோணல அதுக்கு."

"அப்போ இத்தனை நாள் எப்படி ஓடிச்சு?"

"அணைச்சாத்தானே மறுபடி எழுந்திருக்கணும்? நீங்கதான் தூங்கவே விடலையே!"

கையை நீட்டினார். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கழட்டினால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துபோனால்? அவன் உழைப்பெல்லாம் போனால்? யார் பதில் சொல்வது? "அழியாதும்மா, நான் பொறுப்பு" என்றார். ஊரார் பொறுப்பை வாங்கி நான் எங்கே வைப்பது? கடைசியில் அவர் பையைத் தூக்கிக்கொண்டார். "வயித்துவலின்னு கூப்பிடுறீங்க, வயித்துல கை வைக்காதேங்கறீங்க. நான் எப்படிம்மா வைத்தியம் பார்க்கிறது?"

இதைத் தம்பியிடம் நான் மூச்சுவிடவில்லை. கழட்ட வேண்டும் என்று காதில் விழுந்தால் போதும், பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவான்.

ஜூன் 15, ஞாயிறு

குளித்து, நல்ல புடவை கட்டி, தலை வாரி, அந்த நேரத்துக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவன் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தேன். சாமி, உன் முன்னால்கூட நீ பார்க்கிறாய் என்று நம்பித்தானே உட்காருகிறேன்.

கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. நெற்றிப் பொட்டு கோணல். அவன் இருந்தால் உடனே சொல்வான், "அத்தை, பொட்டு ஊர்வலம் போகுது." போன மாதம்கூட சொன்னான். அவ்வளவு தூரத்திலிருந்து அது எப்படித்தான் தெரிகிறதோ.

அங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பான். மணி அடித்து அடித்து நின்றிருக்கும். அப்பாதான் பிடுங்கிப் போட்டார் என்று நினைத்திருப்பான். இல்லை, அத்தைக்கும் நான் வேண்டாம்னு ஆயிடுச்சுன்னு நினைச்சிருப்பானோ? அய்யோ — அப்படி மட்டும் நினைச்சிடாதேடா கண்ணு. இங்கேதான் இருக்கேன். திரைக்கு இந்தப் பக்கமே உக்காந்திருக்கேன்.

பக்கத்து அறையில் தம்பி ஏதோ சாவியை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தான். ஞாயிறு கடை கிடையாது, இருந்தும் ராவுகிறான். கர்ர் கர்ர் என்று ஒரே சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தமும் நின்றது. எட்டிப் பார்க்கவில்லை, நின்றது மட்டும்தான் தெரிந்தது.

"சோறு போடுக்கா" என்றான் அப்புறம்.

ஜூன் 16, திங்கள்

கையெழுத்துப் போட்டிருப்பான்.

ஜூன் 18, புதன்

அது எழுந்திருக்கும்வரை காபி தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குக் காபி எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும் சாமி, சும்மா இல்லை. தலை வெடிக்கிறது. காலையில் தம்பி கேட்டான், "என்னக்கா, ஒரு டம்ளர்தான் இருக்கு?" "எனக்கு வேணாம்" என்றேன். "காபி வேணாமா? உனக்கா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான். வேண்டுதலைச் சொன்னேன். குடித்துவிட்டுப் போனான். குடித்தானா? பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மத்தியானம் தைரியம் வரவழைத்துக்கொண்டு பெரிய பெட்டியின் வயரில் கை வைத்தேன். சொருகியிருக்கும் அந்த முனையைப் பார்த்தேன். அவன் விரல்தான் அதைக் கடைசியாக அழுத்திவிட்டது. கிளம்பும் அவசரத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. இந்த வீட்டில் அவன் உடுத்தியதைத் துவைத்தாகிவிட்டது, படுத்ததை மடித்தாகிவிட்டது. அவன் விட்ட மாதிரியே இருப்பது இந்த இரண்டு முனையும்தான். நான் எப்படிக் கழட்டுவேன்?

கையை எடுத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

சாமி, கோயிலில் உன்னிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன், நினைவிருக்கிறதா? எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, நான் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றேன்.

செருப்பைக் கழட்டிவிட்டு உள்ளே வந்தால் சமையல் மேடையில் இரண்டு டம்ளர். இரண்டிலும் காபி. அடுப்பு பற்ற வைக்கத் தெரியாது என்று இத்தனை வயது வரை சாதித்தவன், பால் பொங்கி வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது? நான்தான் காபி விட்டிருக்கேனே."

"குடி" என்றான். "இனிமே குடிக்கலாம்."

அப்போதுதான் காதில் விழுந்தது. பிள்ளையின் அறையிலிருந்து அந்த விர்ர்ர் சத்தம். ஓடினேன். திரையில் வெளிச்சம், அவன் வைத்துவிட்டுப் போன கடல் படம். பெரிய பெட்டியில் நீல லைட், சின்னப் பெட்டியில் நீல லைட். எதுவும் அழியவில்லை.

"யாருடா பண்ணினது?"

"கரண்ட் போய் வந்துச்சு. தானா எழுந்திருக்கும்."

வயர் முனையைக் குனிந்து பார்த்தேன். மஞ்சளாகப் பித்தளைப் பொடி ஒட்டியிருந்தது. சாவி ராவுகிறவன் கையில்தான் அது இருக்கும், எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. அதை நான் துடைக்கவில்லை.

காபியில் சர்க்கரையே போடவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

வந்தான்! வந்தான் சாமி!

"அத்தை! எங்கே போனீங்க? போன வாரத்திலேருந்து முயற்சி பண்றேன். அப்பா புடுங்கிட்டாரா?"

"வாயைக் கழுவுடா. சொருகினதே அவன்தான்."

திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு வந்தான். மெலிந்திருக்கிறான். தாடி வேறு. நான் கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை, சாப்பிட்டியா, தூங்கினியா என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். அவனே சொன்னான். "இன்னும் கையெழுத்துப் போடல அத்தை. உங்களைக் கேட்காம எப்படிப் போடுறது? கெஞ்சிக் கேட்டு இன்னும் ரெண்டு நாள் தவணை வாங்கியிருக்கேன். சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் கதவு அசைந்தது. தம்பி. உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு அவன் தெரிந்திருப்பான், முகம் மாறியது.

"சாவி இருக்கா உங்கிட்ட?" என்றான் தம்பி.

"நீங்கதானே வாங்கிக்கிட்டீங்க."

"வேற போட்டு வெச்சிருக்கேன்."

"எந்தப் பூட்டுக்கு?"

"வாசலுக்குத்தான். வேற எதுக்கு?"

அவ்வளவுதான் பேசினார்கள். தம்பி போய்விட்டான். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அத்தை, பொட்டு ஊர்வலம் போகுது" என்றான்.

ஜூன் 23, திங்கள்

காலையில் மறுபடி கூப்பிட்டான், கையெழுத்துப் போடவில்லையாம். கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறானாம். அறையைப் பெருக்கி, போர்வை எல்லாம் வெயிலில் போட்டேன்.

ஆனால் ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ரிப்பேர்காரர் சொன்னதைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. அவரைக் கேட்டேன், அவரும் தம்பியைப் பார்க்கவே இல்லையாம். பின் எப்படித் தெரிந்தது? சாப்பிடும்போது விடாமல் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டையும் கழட்டணும். அப்புறம் ஆன் பண்ணணும். படம் வந்தப்புறம் பெரிசை முதல்ல சொருகணும். அதுல நீல லைட் எரிஞ்சப்புறம்தான் சின்னது. மாத்திச் சொருகக்கூடாது."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாட்டு ஒப்பிக்கிற மாதிரி. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

கிளம்பிய அன்று பிள்ளைதான் சொன்னான். "சும்மா இருக்கிறப்போ கழட்டாதீங்க அத்தை, ஒருவேளை அணைஞ்சு போச்சுன்னா மட்டும்" என்று ஆரம்பித்து, இதே வரிசையில். நான் எங்கே கேட்டேன்? பையில் துண்டைத் திணித்துக்கொண்டு, அழுதுகொண்டு, நானே பேசிக்கொண்டிருந்தேன். முதல் பாதிதான் காதில் ஏறியது. அவன் இன்னொரு தடவையும் சொன்னான்.

அப்போது தம்பி, பேச்சு காதில் விழுகிற தூரத்தில், வாசலில் நின்று கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கீல் என்றைக்குமே சத்தம் போட்டதில்லை.