அம்மா எண்ணிச் சொன்ன ஊசிகள்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம் கண்ணு, நானே என் கையால் எழுதுகிறேன், பக்கத்துக் கடைக்காரர் எழுதித் தரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நான் சுகம், உன் அம்மாவைப் பற்றித்தான் கீழே எழுதுகிறேன், பயந்துவிடாதே, மெதுவாக வாசி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். மாலை வகுப்பு டீச்சர் என் எழுத்தைப் பார்த்துவிட்டு சோபா மாதிரி குண்டு குண்டாக இருக்கிறது என்று சிரித்தார். எனக்கு அதிலும் சந்தோஷம்தான். ஒரு வரி முடிந்து புள்ளி வைக்கும்போது குஷனில் கடைசிப் பொத்தான் வைத்து இறுக்கியது போல இருக்கிறது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்து இருக்கைகளை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று உனக்குத் தெரியும். அங்கே பெருக்கித் துடைக்கிற பெண் வாசனைக்காக எதையோ ஊற்றித் துடைத்துத் துடைத்து ரெக்சின் எல்லாம் வெடித்துவிட்டது, ஈரத்துணி போதும் என்று சொன்னால் என் மேலேயே ஊற்றிவிடுவாள் போல. போன வாரம் சுவரோரத்து வரிசைக்குப் புது ஸ்பாஞ்சும் புது உறையும் போட்டோம். கடைசி இருக்கையை மூடும் முன் அம்மா ஊசிகளை எண்ணிச் சரி என்று சொல்ல வேண்டும், அவள் சொல்லாமல் நான் மூடுவதில்லை, எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் வழக்கம். அன்றும் சரி என்றாள், மூடினேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் வளைந்த ஊசியைக் காணோம். எங்கே என்று கேட்டேன். அப்படி ஒரு ஊசி நம்மகிட்ட எப்ப இருந்துச்சு, நீங்க என்ன கனவு கண்டீங்களா என்கிறாள். கண்ணு, உன் பள்ளிக்கூடப் பை கிழிந்தபோதெல்லாம் அவள் தைத்துக் கொடுத்தது அந்த ஊசியால்தான்.

ஊசி இருக்கைக்குள்ளேயே போய்விட்டதோ என்று விடிந்ததும் இருவரும் ஓடினோம். கூடம் நிறையப் பிள்ளைகள், ஒரு வாண்டு நாங்கள் தைத்த இருக்கை மேலேயே ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது, எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரி மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன், அவரும் நல்ல மனுஷி, உடனே எல்லாரையும் எழுப்பிவிட்டார். பாவம், காய்ச்சல் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் நின்றார்கள். காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்றால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் எல்லாமே இரும்பு, எங்கே வைத்தாலும் ஒட்டுகிறது. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒருவர், பெரியவரே உங்களுக்கு எங்கள உட்கார வைக்கிற வேலையா எழுப்பி விடுற வேலையா என்று கேட்டார். அம்மாதான் என்னை விட உரக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைசி இருக்கைக்குக் குனிந்தாள். அப்போது பார்த்தேன், அவள் புடவைக்கு மேலே போடுகிற வேலைச் சட்டையின் கழுத்து உள்மடிப்பில் ஊசி மின்னியது. முந்தின நாள் அவளே குத்தி வைத்திருக்கிறாள், மறுநாளும் அதே சட்டை.

என்ன செய்வது என்று தெரியவில்லை கண்ணு. நூல் ஒட்டியிருக்கிறது என்று சொல்லித் தட்டுகிற மாதிரி அதை உருவிக்கொண்டேன். ஸ்பாஞ்சுக்குள் கையை விட்டு, இதோ கிடைத்துவிட்டது என்று எடுத்துக் காட்டினேன். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கண்ணு தெரியாத மனுஷன் கையில ஊசியக் குடுத்தா இப்படித்தான், நான் அப்பவே எண்ணச் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் ஒரு பிடி பிடித்தாள். இருந்ததே இல்லை என்று சொன்ன ஊசியை வாங்கித் துடைத்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் ஊசி எண்ணுவதை உங்கள் வீட்டம்மாவிடமே விட்டுவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன், வேறு என்ன செய்வேன்? இப்போது அவள் எண்ணுகிறாள், அவள் கை கழுவப் போகும்போது நான் மறுபடி எண்ணுகிறேன்.

நேற்று சாயங்காலம் உன் அறையில் விளக்கைப் போடச் சொன்னாள், நீ படிக்கிறாயாம். போட்டுவிட்டு வந்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால் எனக்கென்ன கேடு, உங்க கண்ணக் காட்டுங்க என்கிறாள். கிழிந்திருந்தால் தைப்பேன், அமுங்கியிருந்தால் பிரித்து நிரப்புவேன், இதை எங்கே பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வா என்று எழுதினேன், உன் வேலையை நினைத்து அதை அடித்தேன், அடித்தது உனக்குத் தெரிகிற மாதிரிதான் அடித்திருக்கிறேன்.

நீ சோபாவின் கைப்பிடி மேல் உட்காராதே, சட்டம் ஆடிவிடும். மாப்பிள்ளையும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. நீ போனில் பேசும்போது அம்மா நான் ஊசியைத் தொலைத்த கதையைச் சொல்வாள், தினமும் புதிதாகச் சொல்வாள். நீயும் புதிதாகக் கேட்டு என்னைத் திட்டு. பதில் எழுதினால் அதில் இதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவள் என்னை உரக்க வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலையே பார்ப்பாள், நடுவில் ஒரு வரியை விட்டுத் தாவி வாசிக்க எனக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
ஊசியைத் தொலைத்த
உன் அப்பா