குதிரைக்குட்டியின் குறட்டை

டேராடூன்,
டிசம்பர் 9

அன்புள்ள சிட்டிபாபுவுக்கு,

முழங்கால் வலியோடு செவிலிமேடு பஸ்ஸில் ஏறி இறங்க முடிகிறதா? தைலக்காரர் சொல்வதை நம்பாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நம் பெண் சுகாசினி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? குளிரைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

பண்ணையில் ஒரு குட்டிக்குத் தொண்டைக் கட்டி வந்தது. மற்ற குதிரைகளுக்குத் தொற்றும் என்பதால் தனிக் கொட்டகையில் கட்டி, நானே வைத்தியம் பார்த்தேன். உடனே ஊசி போடச் சொல்லி முதலாளி அவசரப்பட்டார். கட்டி பழுத்து உடையட்டும் என்று நான் வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்தேன். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது; தொண்டை அடைத்தால் உயிர் போய்விடும். மூன்று நாள் அது மூச்சிழுத்த சத்தம், அப்படியே உங்கள் குறட்டை. "நானா? கண்ண மூடிக்கினு டிவி கேட்டுக்கினு இருந்தேன்மா" என்பீர்களே, அதே குறட்டை. கழுத்தில் துளையிடக் கத்தியைத் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. நேற்று மதியம் கட்டி உடைந்து சீழ் வடிந்தது. குட்டி சத்தமில்லாமல் மூச்சுவிட்டு, ஊறிய தவிட்டைத் தின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் கொட்டகை வெறிச்சென்று இருந்தது.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டுத் தூங்குவீர்கள் அல்லவா? அப்போது உங்கள் குறட்டையைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பும்படி சுகாசினியிடம் சொல்லுங்கள். எதற்கு என்று அவள் கேட்டால், குட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க என்று சொல்லிவிடுங்கள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள்
கிரேஸ்