நாகலிங்க மரத்தடிக் கல்

ஜூலை 21, திங்கள்
காலையிலிருந்து செண்பகத்தோப்பு மலைப் பக்கமிருந்து சாரல். ராஜபாளையம் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பங்களாவில் வழிகாட்டி வேலை. பி.இ. படித்ததற்குப் பித்தளைப் பித்தான் வைத்த கோட்டு.

சின்ன முதலாளி (இனி சி.மு.) இங்கிலாந்து போய், அங்குள்ள பழைய பெரிய வீடுகளையும் தோட்டங்களையும் சுற்றிவிட்டு வந்தவர். "அங்க டிக்கெட் போட்டுக் காட்டுறான். எங்க தாத்தா கட்டுனது என்ன குறைச்சல்?" பங்களாவை டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் கூட்டம் இங்கேயும் திரும்பும் என்று நினைப்பு.

மனப்பாடம் செய்ய வேண்டியவை: தேக்குப் படிக்கட்டு. வேட்டை அறை. பியானோ (யாரும் வாசித்ததில்லை, சொல்லக் கூடாது). ரோஜாத் தோட்டம். பழைய கிணறு.

கிணறு. மேலே இப்போது கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. அம்மாவின் அண்ணன் முத்தையா மாமா தூர் வார இறங்கி மூச்சு முட்டிச் செத்தது இதில்தான். நான் பிறப்பதற்கு முன்னால். போலீசுக்குத் தெரியாமல் பங்களாத் தோப்பிலேயே புதைத்தார்கள். "கல்லு நட்டாச்சு, போ" என்று பெரிய முதலாளி அம்மாவுக்கு ஒரு கல்லைக் காட்டினாராம். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அம்மா வேலி இடுக்கில் நுழைந்து அதற்குப் பூ வைத்துவிட்டு வருவாள்.

ஜூலை 22, செவ்வாய்
தோப்பில் புதர் வெட்டி முடிந்தது. நாகலிங்க மரத்தடியில் அம்மா பூ வைக்கும் கல். பக்கத்தில் வரிசையாக இன்னும் சில. எல்லாவற்றிலும் ஆங்கிலம்.

டைகர். கீழே ஒரு வருஷம். அதற்கும் கீழே: கடைசி வரை விசுவாசம்.

அடுத்தது ராணி. அடுத்தது ஜிம்மி.

நாய்கள். வேட்டைக்கு வளர்த்த ராஜபாளையம் நாய்கள். அம்மாவின் கல்தான் டைகர்.

மேனேஜர்: "இதத்தான் தம்பி ஜனங்க போட்டோ எடுப்பாங்க. நல்லா விளக்கிச் சொல்லு."

நாய்க்குப் பேர் வெட்ட ஆள் வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு ஒரு செங்கல் இல்லை.

மாமா எங்கே? யார்மேல் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன்? ரோஜாப் பாத்தி ஒன்று மட்டும் அநியாயத்துக்குச் செழித்திருக்கிறது. பார்க்காமல் கடந்தேன்.

மதுரைக்கார அக்கா ஒருத்தி: "இங்க பேய் கீய் இருக்கா தம்பி?"
"இருந்தா டிக்கெட் விலை கூடும்க்கா."
எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் மட்டும் சிரிக்காமல் நின்றது போல. திரும்பினேன். யாருமில்லை. நம்புகிறவன் இல்லை நான். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 23, புதன்
சி.மு. தோட்டத்துக்கு சிமெண்ட் பொம்மைகள் இறக்கினார். துணியில்லாத வெள்ளைக்காரிகள். வேலி இடுக்கையும் அடைத்துவிட்டார்கள்.

அம்மா: "நீ அங்கனதான வேல பாக்க. நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போ."
"மழை வரும்மா."
"வந்தா நனையுதேன்."

சொல்லிவிடலாம். இத்தனை வருஷப் பூவும் நாய்க்கு என்று எந்த வாயால் சொல்ல? சோப்பு வாங்க வேண்டும். கோட்டில் பித்தான் ஒன்று காணோம்.

ஜூலை 24, வியாழன். அமாவாசை
சாரல் இல்லை. காற்று. திறக்கும் முன்னால் அம்மாவை முன் கேட் வழியாகவே கூட்டிப் போனேன். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார்.

வரிசையைப் பார்த்ததும் நின்றாள். "இது என்னலே இம்புட்டுக் கல்லு?"
"நாய்களுக்கு."
"நாய்க்குப் பக்கத்துலயா எங்கண்ணனப் போட்டாவ?" காறித் துப்பினாள். தன் கல்லுக்குப் பூ வைத்தாள். காற்றில் சூடம் நிற்கவில்லை. பிறகு, "நீ இங்கிலீசு படிச்சவன். என்ன எழுதிருக்குன்னு வாசி."

"முத்தையா" என்றேன். வருஷத்தைச் சொன்னேன். மூன்றாவது வரிக்குப் பொய் வரவில்லை. இருந்ததையே சொன்னேன். "கடைசி வரைக்கும் விசுவாசமா இருந்தான்."

எழுந்துவிட்டாள். "விசுவாசமா? எறங்க மாட்டேன்னு கிடந்து கத்துனான்லே. கயிறு கட்டியில்லா எறக்குனாவ. எவன் எழுதுனது இத? எந்த வரி? காட்டு."

காட்டினேன். ஒரு கருங்கல் சில்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். வெட்டு ஆழம். கை ஓய்ந்ததும் சில்லை என்னிடம் நீட்டினாள். கேட் பக்கம் மேனேஜர் பைக் சத்தம். உட்கார்ந்து சுரண்டினேன்.

மேல் வரியை அம்மா உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"பேருல பட்டுறாம. பாத்து."